ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

கல்யாணத்துக்கு வருகிற ஒருவர் சராசரியாக ஒன்பது கேள்விகள் கேட்கிறார். முதல் கேள்வி, சாப்பாடு எத்தனை மணிக்கு. இரண்டாவது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா. மூன்றாவதிலிருந்துதான் ஆளுக்கு ஆள் மாறும். ஏழு வருடமாகத் திருமண வலைத்தளங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருக்கும் சுகந்திக்கு இது தூக்கத்திலும் மறக்காது. தூக்கம்தான் சரியாக வருவதில்லை.

திருச்சி புத்தூரில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் அவளுடைய அலுவலகம். அவளும் பெனடிக்டும் மட்டும். பெனடிக்டுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஏதோ ஒரு தொலைபேசி நிறுவனத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். குடும்பங்களோடு பேசுவது சுகந்தியின் வேலை, இயந்திரத்தோடு பேசுவது அவருடையது. இரண்டில் எது கஷ்டம் என்று அவர்களுக்குள் தீராத விவாதம் ஒன்று உண்டு.

முன்பெல்லாம் தளம் என்றால் மண்டபத்தின் படம், வழி காட்டும் வரைபடம், முகூர்த்த நேரம், அவ்வளவுதான். இப்போது அது பேசும். அழைப்பிதழில் அச்சிட்ட எண்ணைக் கூப்பிட்டு விருந்தாளி தன் பேச்சில் கேட்டால், அதே பேச்சில் பதில் சொல்லும். அதோடு நிற்காது. கல்யாணப் பெண் தாரணி முதல் தடவை வந்தபோது சுகந்தி அதைத்தான் விளக்கினாள்.

"போன மாசம் ஒரு கல்யாணம். ஒரு பெரியவர் போன் பண்ணி, சாம்பார்ல உப்பு தூக்கலா இருக்குமான்னு கேட்டார். மறுநாள் கூப்பிட்டு, மண்டபத்துக்குப் பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எதுன்னார். அது ரெண்டையும் சேர்த்துப் பார்த்து, அவருக்கு உப்பில்லாத சாப்பாடு தனியா எடுத்து வைக்கச் சொல்லி சமையல்காரருக்குச் சொல்லிருச்சு. டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு இருந்த மனுஷன். யார்கிட்டயும் சொல்லல."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலேயா?"

"கேட்டா இல்லைன்னிருப்பார்."

தாரணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். இருபத்தெட்டு வயது, மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நகக்கண்களில் செம்மண் ஒட்டியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு அக்கா. லேசா பயமாவும் இருக்கு" என்றாள்.

"பயப்படாதீங்க. யார் கேட்டாங்கன்னு வெளியில போகாது. இருபது பேருக்கு மேல ஒரே விஷயத்தைக் கேட்டா மட்டும், அந்தக் கேள்வியையும் பதிலையும் முதல் பக்கத்துல போட்டுரும். எல்லாருக்கும் உதவும்ல? போடறதுக்கு முன்னாடி என்கிட்ட அனுமதி கேக்கும். அதுக்குப் பதில் தெரியாத கேள்வியும் என்கிட்டதான் வரும். நான் ஒவ்வொண்ணையும் படிச்சுட்டுத்தான் விடுவேன்."

அதைச் சொன்ன நேரத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

"அப்ப சரி" என்றாள் தாரணி. "எங்க வீட்ல எல்லாரும் களைச்சுப் போயிட்டாங்க அக்கா. அப்பா ஏற்கெனவே ரெண்டு அக்காவுக்கும் பண்ணி முடிச்சவர். போன்ல பதில் சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்ல. வர்றவங்க சிரமப்படாம வந்து போனா போதும்."

மாப்பிள்ளை பெயர் நிரஞ்சன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் வேலை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அறுநூற்று நாற்பது குடும்பங்களுக்கு அழைப்பு. தளம் ஆனி மாதக் கடைசியில் பேச ஆரம்பித்தது.

ஆவணியில் ஒரே முகூர்த்த நாளில் சுகந்தியின் கையில் ஐந்து கல்யாணங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு மண்டபத்தில் லிஃப்ட் பழுது. இன்னொன்றில் பெண் வீட்டுக்காரர்களும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் வரவேற்பு நேரத்தில் ஒத்துப்போகவில்லை. தளம் இரண்டு நேரத்தையும் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக அவள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட நினைவில்லை. தளம் அனுமதி கேட்டு அனுப்பும் பதில்கள் குவிந்துகொண்டே இருந்தன. முதலில் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு கேள்வியை மட்டும் படித்தாள். பிறகு முதல் பத்தை மட்டும்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்த அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அவள் முன்னால் நூற்று நாற்பத்திரண்டு பதில்கள் காத்திருந்தன. வலது கண் துடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் வண்டி நிறுத்துமிடம், குழந்தைக்குப் பால், ஊருக்குத் திரும்ப பஸ். இதில் எது தப்பாகப் போய்விடும்? 'அனைத்தையும் ஏற்றுக்கொள்' என்று இருந்த இடத்தைத் தொட்டாள். பட்டியல் காலியானது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு பெனடிக்ட் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை.

"சுகந்தி, இங்க வந்து இதைப் பாரும்மா."

தாரணி நிரஞ்சன் திருமணத் தளத்தின் முதல் பக்கம். நடுவில் புதிதாக ஒரு கேள்வியும் பதிலும்.

மேடைப் படிகளிலும் நடைபாதையிலும் போதிய வெளிச்சம் இருக்குமா?

இருக்கும். மணமகனுக்கு விழித்திரை நோய் காரணமாகக் குறைந்த வெளிச்சத்தில் கண் தெரியாது. பார்வை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. எனவே கூடுதல் விளக்குகளுக்கு ஏற்பாடு செய்யப்படுகிறது. வாழ்த்த வருபவர்கள் கை கொடுப்பதற்கு முன் தங்கள் பெயரைச் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும்.

சுகந்தி இரண்டு தடவை படித்தாள். மரியாதையாக, அன்பாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது.

"எடுங்கண்ணே. முதல்ல எடுத்துருங்க."

"எடுத்துட்டேன். அதுக்குள்ள இருநூத்துப் பதினோரு வீட்ல பார்த்துட்டாங்க."

"இது நிஜமா? இல்ல, அதுவா ஏதாவது..."

"அதுவா எந்தக் கதையும் கட்டாதும்மா." பெனடிக்ட் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "மாப்பிள்ளை சொந்தத்துல இருபத்து மூணு பேர் வெளிச்சத்தைப் பத்திக் கேட்டிருக்காங்க. ஒருத்தர், ரிசப்ஷனைப் பகல்லயே வைக்கக் கூடாதான்னு. ஒரு அம்மா, மேடையில ஏறும்போது தம்பி கையை யார் பிடிச்சுக்குவாங்கன்னு. யாருமே நோய்னு சொல்லல. எல்லாம் பாசத்துல கேட்டதுதான். அது சேர்த்துப் பார்த்து அனுமானம் பண்ணி வச்சிருந்துச்சு. அனுமானத்தை மட்டும் வச்சு வெளியில போடாது. அப்புறம் புதன்கிழமை இது வந்துருக்கு."

அவர் ஒரு பதிவைப் போட்டார். ஒரு ஆணின் குரல். அமைதியாக, எழுதி வைத்துப் படிப்பதைப் போல.

"நான் நிரஞ்சன். ஆறு மணிக்கு மேல எனக்குக் கண் தெரியாது. ரெட்டினா பிரச்சினை. வருஷா வருஷம் குறையுது. மேடையில விளக்கு கொஞ்சம் கூட வேணும். வர்றவங்க பேரைச் சொல்லிட்டுக் கை கொடுத்தா நல்லா இருக்கும், முகம் எனக்குப் பிடிபடாது. தாரணிகிட்ட ஞாயித்துக்கிழமை நானே சொல்லிடுவேன். அதுவரைக்கும் இது யாருக்கும் தெரிய வேண்டாம்."

பதிவு முடிந்தது. கீழே பல் மருத்துவரின் இயந்திரம் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு" என்றார் பெனடிக்ட். "ஞாயிறு முடியற வரைக்கும் பொறுத்திருக்கு. திங்கட்கிழமை காலையில உன்கிட்ட அனுமதிக்கு அனுப்பியிருக்கு. நீ..."

ஒரு மணிக்கு நிரஞ்சனின் தாயார் சகுந்தலா ஆட்டோவில் வந்து இறங்கினார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. கத்தப்போகிறார் என்று சுகந்தி நினைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"என் கூடப் பிறந்த தம்பி ஒருத்தன் எங்க வீட்லதான் இருக்கான்" என்றார், குடித்து முடித்த பிறகு. "அவனுக்கும் இதேதான். இப்ப முழுசாப் போயிருச்சு. அவனுக்கு மூணு எடத்துல பேசினோம். மூணு எடத்துலயும் மறைக்காம சொன்னோம். மூணும் நின்னு போச்சு. அம்பத்தஞ்சு வயசாச்சு, இன்னைக்கும் நான்தான் சோறு போடறேன். நிரஞ்சனுக்குச் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணது நான். அவன் மேல தப்பில்ல."

"அம்மா, என்னை மன்னிச்சிருங்க. நான்..."

"மன்னிப்பை வச்சு நான் என்னம்மா பண்றது? மெஷின் தப்பா போட்டுருச்சுன்னு போடுங்க. வேற யாரோ ஒருத்தரோட விவரம் மாறி வந்துருச்சுன்னு போடுங்க. எல்லாரும் நம்புவாங்க. மனுஷன் தப்பு பண்ணாத்தான் ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. மெஷின்னா கேக்க மாட்டாங்க."

சுகந்தி பெனடிக்டைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாளுக்காகத்தான் அதைச் செய்தோம் என்று சுகந்தி பிற்பாடு பல தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தப் பொய்க்குள் அவளும் ஒண்டிக்கொள்ள இடம் இருந்தது. இயந்திரத்தின் பிழை என்று ஆகிவிட்டால், படிக்காமல் விட்டவள் யார் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஒன்றரை மணிக்குத் தளத்தில் இரண்டு வரி வந்தது. தொழில்நுட்பக் கோளாறினால் தொடர்பில்லாத ஒருவரின் தகவல் தவறுதலாக வெளியாகிவிட்டது, வருந்துகிறோம்.

சகுந்தலா சொன்னபடியே ஆனது. கேள்விகள் குறைந்தன. பெண் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கூப்பிட்டு, இந்தக் காலத்து மெஷின்களை நம்பவே கூடாது என்று தளத்திடமே சொன்னார். தளம் அவருக்கு நன்றி சொன்னது.

மூன்று மணிக்குத் தாரணி வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். உட்காரவில்லை.

"காலையில போட்டது யாரோட விவரம் அக்கா?"

"கோளாறும்மா. வேற ஒரு கல்யாணத்தோடது கலந்துருச்சு."

"வேற கல்யாணத்துலயும் மாப்பிள்ளைக்குக் கண் தெரியாதா?"

சுகந்தி மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினாள்.

"எங்க நிச்சயதார்த்தத்துல கரண்ட் போச்சு" என்றாள் தாரணி. "எல்லாரும் போன் லைட்டைப் போட்டுக்கிட்டு அங்கயும் இங்கயும் போறாங்க. அவர் மட்டும் நின்ன எடத்துலயே நிக்கிறார். ரெண்டு கையையும் லேசா முன்னாடி நீட்டிக்கிட்டு. அப்பவே எனக்குச் சந்தேகம். அப்புறம் பார்த்தா, எப்ப கூப்பிட்டாலும் பதினோரு மணிக்கு வரலாமா, நாலு மணிக்கு வரலாமாம்பார். அஞ்சரை ஆனா அவசரமா கிளம்பிடுவார். உங்க சைட் ஆரம்பிச்ச மூணாவது நாள் நான் அதுக்கே போன் பண்ணிக் கேட்டேன், மாப்பிள்ளைக்கு ராத்திரியில கண் தெரியாதான்னு. அப்படித் தகவல் எதுவும் எனக்குத் தரப்படலைன்னுச்சு. பதில் இல்லாத கேள்வியெல்லாம் உங்களுக்கு வரும்னு சொன்னீங்களே. வரலையா?"

வந்திருந்தது. ஏழு வாரமாக அந்தப் பட்டியலில் கிடந்தது. பெனடிக்ட் திரையில் அதைத் திறந்து காட்டினார்.

"நான் படிக்கலம்மா" என்றாள் சுகந்தி. "இன்னைக்குக் காலையில வந்ததையும் படிக்கல. மொத்தமா சரின்னு போட்டுட்டேன். கோளாறெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான்."

தாரணி அவளைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க தெரிஞ்சுதான் சம்மதிச்சீங்களா?" என்று கேட்டார் பெனடிக்ட்.

"முழுசா தெரியாது சார். தெரிஞ்ச மாதிரிதான். நானா கேட்டா அவர் மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும். அவரா சொல்லட்டும்னு இருந்தேன். நேத்து நாலு மணிக்கு ஜூஸ் கடையில பார்த்தோம். சொல்லத்தான் வந்திருக்கார்னு உட்கார்ந்ததுமே தெரிஞ்சுது. கை அந்த டம்ளரை விடவே இல்ல. முகூர்த்தப் புடவை என்ன கலர்னு மூணு தடவை கேட்டார். மூணு தடவையும் அரக்குன்னு சொன்னேன். அஞ்சரைக்கு எழுந்து போயிட்டார்." அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு ஞாயித்துக்கிழமை இருந்துச்சு அக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி இன்னும் ஒண்ணு இருந்துச்சு."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிடல தாரணி" என்றாள் சுகந்தி. "உங்களுக்குச் சம்மதம்னா..."

"அவர் என்கிட்ட சொல்லி, நான் சரின்னு சொல்லியிருந்தா, அது கல்யாணம். இப்ப இருநூறு வீட்ல படிச்சிருக்காங்க. இப்ப நான் சரின்னா தியாகின்னுவாங்க. ஆயுசுக்கும் அவரை அப்படித்தான் பார்ப்பாங்க, ஒருத்தி பாவம் பார்த்துக் கட்டிக்கிட்ட ஆளுன்னு. வேண்டாம்னா என்னை ராட்சசிம்பாங்க. ரெண்டுமே நான் இல்ல." அவள் தன் போனை மேசைமேல் வைத்தாள். "அது போகட்டும். காலையில பதினொண்ணேகாலுக்கு அது வந்துச்சு. இப்ப மணி மூணரை. அவர் இன்னும் கூப்பிடல."

போன் நாலு மணி வரைக்கும் அங்கேயே கிடந்தது. பேசாதே, எல்லாம் அடங்கட்டும் என்று சகுந்தலா மகனிடம் சொல்லியிருப்பார் என்று சுகந்திக்குப் புரிந்தது. அவன் கேட்டுக்கொண்டும் இருக்கிறான்.

தாரணி எழுந்தாள். "அந்தக் கோளாறுன்னு போட்டதை எடுத்துருங்க. அது இருந்தா அவர் இன்னொரு தடவையும் சொல்லாம இருந்துக்கலாம். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் மாலை இரு வீட்டார் பெயரிலும் ஒரே வரி போட்டார்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் திருமணம் நிறுத்தி வைக்கப்படுகிறது. இரண்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் தளத்திடம் ஏன் என்று கேட்டார்கள். அதற்கு எல்லாமே தெரியும். உதவியாக ஏதாவது சொல்லிவிடப் போகிறதே என்று பயந்து பெனடிக்ட் அதன் பேச்சை நிறுத்தினார். அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகளைச் சுகந்தியே எடுத்தாள். என்னவென்று எனக்குத் தெரியாதுங்க, தேதி மட்டும் தள்ளிப்போயிருக்குங்க. காது சூடேறும் வரை அதையே சொன்னாள். பாதிப் பேருக்கு அவளிடமிருந்து பதில் தேவைப்படவில்லை. குருடனைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், பெண் தப்பித்தாள் என்றார்கள் சிலர். கண் தெரியாது என்றதும் கழற்றிவிட்டுவிட்டாள் என்றார்கள் வேறு சிலர். பத்து நாளில் சுகந்தி இரண்டு கிலோ இளைத்திருந்தாள். மற்ற நாலு கல்யாணங்களின் பதில்களையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை.

அறுநூற்று நாற்பது வீடுகளில் முப்பத்தொரு வீடுகள் தளத்தின் பக்கமே வராதவை. சுகந்தி அவர்களுக்குத் தானே போன் செய்தாள். ஒன்பது வீடுகளுக்குக் கிடைக்கவே இல்லை. வரவேற்பு வைத்திருந்த நாளில் அந்த ஒன்பது வீட்டாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு பூட்டிய மண்டபத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நாள் மாலை நாலு மணிக்கு வயலூர் ரோடு பஸ்ஸில் ஏறி மண்டபத்துக்குப் போனாள்.

மண்டப வாசலில் அவளுக்கு முன்பே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே, இஸ்திரி போட்ட சட்டை. புகைப்படங்களில் பார்த்த முகம்தான்.

"நான் சுகந்தி தம்பி. அந்த சைட்டு..."

"தெரியும் மேடம். குரலைக் கேட்டிருக்கேன்" என்றான் நிரஞ்சன். "எங்க பக்கம் நாலு குடும்பத்துக்குத் தகவல் போகல. அதான்."

"படிக்காம விட்டது நான்தான் தம்பி. உங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும்னு இருந்தேன்."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "படிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நிறுத்தி வச்சிருப்பேன்."

"அப்ப கல்யாணம் நடந்திருக்கும். நானும் சொல்லியிருக்க மாட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்னு இருந்திருப்பேன்." மண்டபக் கதவின் பக்கம் திரும்பி, "அது இதைவிட நல்லதான்னு தெரியல" என்றான்.

ஐந்து மணிக்குத் தாரணி ஸ்கூட்டரில் வந்தாள். அவளும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு நொடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி, வாசலின் இன்னொரு பக்கம் போய் நின்றாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் பூட்டிய இரும்புக் கதவு. காவலாளி உள்ளே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

மணப்பாறையிலிருந்து ஒரு தம்பதி பெரிய பாத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாரணி ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். "நின்னு போச்சு சித்தப்பா. உங்க போன் கிடைக்கவே இல்ல" என்றாள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். நிரஞ்சனின் பக்கமும் இரண்டு குடும்பங்கள் வந்து போயின. சுகந்தி ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். அவளால் ஆனது அதுதான்.

ஆறு மணி ஆகும்போது வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்தார். நிரஞ்சனுக்கு ஒன்றுவிட்ட மாமா. விஷயம் அவருக்கு வழியிலேயே தெரிந்திருந்தது. நேராகத் தாரணியிடம் போனார்.

"நீதானா அந்தப் பொண்ணு? கண்ணுல ஒரு குறைன்னதும் வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டேல்ல? நாளைக்கு உனக்கு ஒண்ணு வராதுன்னு என்னம்மா நிச்சயம்?"

தாரணி அவரை நேராகப் பார்த்தாள். பத்து நாளாக இதைக் கேட்டுப் பழகிப்போன முகம் அது. சுகந்தி வாயைத் திறப்பதற்குள் நிரஞ்சன் அந்தப் பக்கம் நடந்து வந்துவிட்டான்.

"இல்ல மாமா. அவங்க அதுக்காக வேண்டாம்னு சொல்லல. நான் சொல்லாம இருந்ததுக்காகச் சொன்னாங்க. ஊர்ல கேக்கறவங்ககிட்ட இப்படியே சொல்லுங்க."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

மேற்கே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. விசேஷம் இல்லாததால் மண்டபத்தில் ஒரு விளக்கும் போடவில்லை. இனி யாரும் வரப்போவதில்லை என்று மூவருக்கும் தெரிந்துவிட்டது. தாரணி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். நிரஞ்சன் வந்த இடத்திலேயே நின்றான். திரும்பி அவன் பக்கத்துக்குப் போகவில்லை. ரோட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் திறந்த சாக்கடை ஒன்று ஓடியது. வரும்போது வெளிச்சத்தில் தாண்டி வந்திருப்பான். அவனுடைய கைகள் இரண்டும் லேசாக முன்னால் வந்தன. பிறகு, அதை உணர்ந்தவனைப் போலக் கைகளைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"தாரணி" என்றான்.

அவள் நின்றாள்.

"எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல. வெளிச்சம் போயிட்டா எனக்குக் கண் தெரியாது."

ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். இவள் என்ன சொல்லப் போகிறாள்? தெரியும் என்பாளா, இப்போதாவது சொன்னீர்களே என்பாளா, ஒன்றும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாளா?

தாரணி சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிற ஒருத்தியின் குரலில் கேட்டாள்.

"எப்பலேருந்து?"

"ஒன்பதாவது படிக்கும்போது" என்று அவன் ஆரம்பித்தான். "ஒரு நாள் டியூஷன் முடிஞ்சு சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தேன்..."

சுகந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்கள் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு வேகமாக நடந்தாள்.